வாலிபர் கூட்டத்தில் சினிமாக் காட்சி: தொடரலாமா, நிறுத்தலாமா?

கேள்வி: சேலம் நகரில் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். வயது 26. பதிவேட்டில் 35 பேர் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வேலைக்குப் போகிறவர்கள் வரை. ஞாயிறு மாலைக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்தாலே அதிகம். சினிமாக் காட்சி ஒன்றைப் போட்டு வேதபாடத்தைத் தொடங்க ஆரம்பித்த பிறகு முப்பது பேர் வருகிறார்கள். ஆனால் போன மாதம் படித்த வேதபகுதி எது என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. காட்சி மட்டும் நினைவிருக்கிறது. ‘ஆலயத்தைக் கொட்டகை ஆக்கிவிட்டார்கள்’ என்று கமிட்டியில் ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். மே மாதம் ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம். அங்கே இரவில் முழுப் படம் போடலாமா, சினிமா மெட்டில் பாட்டுக் கட்டலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தொடரலாமா, நிறுத்திவிடுவதா?

பதில்: அன்புச் சகோதரருக்கு,

தொடருங்கள். ஆனால் இப்போது செய்கிற முறையில் வேண்டாம். பெரியவர் சொன்ன குறையை விட, ‘காட்சி மட்டும் நினைவிருக்கிறது’ என்று நீங்களே எழுதியிருப்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். முப்பது பேர் எதற்கு வருகிறார்கள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

பெரும்பாலான வாலிபர் கூட்டங்களில் நடப்பது இதுதான். ஏழெட்டு நிமிஷக் காட்சி ஒன்றைப் போடுகிறோம். அதில் பிரச்சினை எழும்பி, உச்சத்துக்குப் போய், பின்னணி இசையோடு தீர்ந்தும் விடுகிறது. விசில் அடங்கியதும் ‘இந்தக் கதாநாயகன் தன் மக்களுக்காக உயிரையே கொடுத்தான், அதுபோல இயேசுவும்...’ என்று தொடங்குகிறோம். கேள்வியையும் பதிலையும் காட்சியே சொல்லி முடித்த பிறகு வேதத்துக்கு அங்கே வேலையே இல்லை. சினிமா சொன்னதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போடத்தான் வசனம் வந்து நிற்கிறது. பிள்ளைகள் அதை மறப்பதில் ஆச்சரியம் என்ன?

வரிசையை மாற்ற வேண்டும். காட்சி கேள்வியை எழுப்பட்டும். பதில் வேதத்தில் தேடப்படட்டும். நடைமுறையில் இதற்கு ஒரே ஒரு விதி போதும்: காட்சி தீர்வதற்கு முன்பே நிறுத்துங்கள். இரண்டரை நிமிஷம், மிஞ்சிப் போனால் மூன்று. கதாநாயகன் அரிவாளை எடுக்கிற இடத்தில், அம்மா கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற இடத்தில், திரை அணைய வேண்டும். ‘அண்ணா, இன்னும் கொஞ்சம்’ என்று கூச்சல் வரும். வரட்டும், பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அதே காட்சியை உடனே ஒலியில்லாமல் இன்னொரு தடவை ஓட்டுங்கள். யாரை விரும்ப வேண்டும், யாரை வெறுக்க வேண்டும் என்று பின்னணி இசையும் மெதுவோட்டமும் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இசையை எடுத்துவிட்டால் ஒரு ஆள் இன்னொரு ஆளை அடிப்பது மட்டும்தான் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளை இதைத் தானாகக் கண்டுபிடித்துவிட்டால், வீட்டில் பார்க்கிற பத்துப் படங்களையும் கொஞ்சம் விழித்துப் பார்ப்பான்.

‘கதாநாயகன்தான் கிறிஸ்து’ என்ற பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். நம் படங்களின் நாயகன் நூறு பேரை அடித்துவிட்டுத்தான் பாடு அனுபவிக்கிறான். பேதுரு பட்டயத்தை உருவியபோது அதை உறையிலே போடச் சொன்னவரை அவனோடு ஒட்டவைத்தால், பிள்ளைகள் மனதில் மாறிப்போவது சினிமா நாயகன் அல்ல, கிறிஸ்துதான்.

ஒரு கூட்டம் எப்படிப் போகலாம் என்று காட்ட, பழிவாங்கும் கதையை எடுத்துக்கொள்கிறேன். இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். தங்கைக்கு ஒரு கொடுமை நடக்கிறது, அண்ணன் கிளம்புகிறான். தமிழ்ப் படத்தில் இந்த அமைப்புக்குப் பஞ்சமே இல்லை. கொடுமை நடக்கும் காட்சியைக் காட்டவே கூடாது. அண்ணன் முடிவெடுக்கிற இரண்டு நிமிஷம் போதும். பிறகு ஆறு ஆறு பேராக உட்கார்ந்து 12 நிமிஷம் மூன்று கேள்விகளைப் பேசட்டும்: இந்தக் காட்சியில் யார் பேசுகிறார்கள்? யார் பேசவே இல்லை? அண்ணன் செய்யப்போவதால் யாருக்கு என்ன கிடைக்கும்? ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு, ஆயர் கேட்க விரும்பும் பதிலைத்தான் எல்லாரும் சொல்வார்கள்.

அடுத்து 2 சாமுவேல் 13. அதிகாரம் முழுவதையும் இரண்டு பேர் மாறி மாறி உரக்க வாசிக்கட்டும். பத்து நிமிஷம் ஆகும். தாவீது ராஜாவின் மகள் தாமாருக்குக் கொடுமை செய்தவன், வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன். தாவீது கடுங்கோபம் கொள்கிறான், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. அண்ணன் அப்சலோம் அவளிடம் ‘நீ மவுனமாயிரு’ என்கிறான். இரண்டு வருஷம் காத்திருந்து, ஆட்டுமயிர் கத்தரிக்கும் விருந்தில் அம்னோனைக் கொல்லச் செய்கிறான். பிறகு கேசூருக்கு ஓடிப்போய் மூன்று வருஷம் இருக்கிறான். தாமார்? 20-ஆம் வசனத்தில் அண்ணன் வீட்டில் தனித்து விடப்படுகிறாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. அடுத்த அதிகாரத்தில், அப்சலோம் தன் மகளுக்குத் தாமார் என்று பெயர் வைத்தான் என்ற தகவல் மட்டும் வருகிறது.

படத்தில் பேசாமல் இருந்தது யார் என்று முன்பே கேட்டிருப்பதால், வேதத்திலும் பேசாமல் போனவளைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒன்றுகூடிப் பேசும் 15 நிமிஷத்தில் ரோமர் 12:19-க்குப் போகலாம்: ‘பழிவாங்குதல் எனக்குரியது.’ இந்த வசனத்தைத் தனியாகச் சொன்னால் ‘பொறுத்துப் போ’ என்றுதான் பெண்பிள்ளைகள் காதில் விழும். தாமாரின் கதையை வாசித்த பிறகு சொன்னால், தாவீதின் சும்மா இருத்தலும் அப்சலோமின் கொலையும் இரண்டுமே நீதியல்ல என்ற இடத்திலிருந்து பேச்சு தொடங்கும். கடைசி ஐந்து நிமிஷம் வசனத்தைக் கையால் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கூட்டம் தொடங்கும்போது, படத்தின் பேச்சையே எடுக்காமல், வேதபகுதியில் என்ன நடந்தது என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் காட்சி இன்னும் நீளமாக இருந்தது என்று பொருள். மொத்தம் 75 நிமிஷத்துக்குள் இது முடியும்.

இப்படிப்பட்ட பாடத்துக்குப் பிறகு ஒரு பெண்ணோ பையனோ தனக்கு நடந்ததைச் சொல்ல வரக்கூடும். பொறுப்பான ஒரு அக்கா அங்கே இருக்க வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொல்வது 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். சபைக்குள் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098.

சிறியவர்களுக்கு ரீல்ஸ் நல்ல பாடப்பொருள். ஆனால் கூட்டத்தில் நேரடியாக இன்ஸ்டாகிராமைத் திறந்து பெரிய திரையில் ஓட்டாதீர்கள். அந்தப் போனுக்குச் சொந்தக்காரர் எதையெல்லாம் பார்த்தாரோ, அதன் சாயலில் அடுத்தது வரும், சபையே பார்க்கும். முந்தின நாளே பத்து ரீல்களைப் பதிவு செய்து, நீங்களும் இன்னொரு பெரியவரும் முழுதாகப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள். ‘இந்தப் பத்தில் எத்தனை எதையாவது விற்கின்றன?’ என்று எண்ணச் சொல்லுங்கள். வெளிப்படையான விளம்பரத்தை உடனே சொல்லிவிடுவார்கள். ஷூவும் பைக்கும் முகப்பொலிவும் சும்மா வந்து நிற்கிற ரீல்களில்தான் சண்டை வரும். சண்டை முற்றும்போது லூக்கா 12:15-21, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன்.

கிரிக்கெட்டைப் பற்றி ஒன்று மட்டும். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணிக்காக ஆஸ்திரேலியாவில் ஆடியது நம் மாவட்டத்துப் பையன்கள் எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லி ‘உன்னையும் கர்த்தர் இப்படி உயர்த்துவார்’ என்று முடிப்பது எளிது. அதே மண்ணில் அதே அளவு பந்து வீசித் தேர்வாகாத பையன் உங்கள் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பான். அவனிடம் என்ன சொல்வீர்கள்? ஆபகூக் 3:17-18, அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று தொடங்கும் பகுதி, அவனுக்கானது.

காட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று இடங்களில் வழுக்கும். நமக்குப் பிடித்த, நம் கல்லூரிக் காலத்துப் படத்தை எடுப்பது முதலாவது. பதினாறு வயதுக்காரனுக்கு அது அப்பா காலத்துப் படம். இரண்டாவது, எல்லாரும் ஓ.டி.டி. பார்க்கிறார்கள் என்று நினைப்பது. ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்து விடுதியில் படிக்கும் பிள்ளையும் அங்கே இருக்கலாம். முன்கதையை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத காட்சி வேண்டாம். மூன்றாவது நம் ஊருக்கே உரியது: நடிகர் கட்சித் தலைவராகவும் இருந்தால் அந்தக் காட்சியைத் தொடாதீர்கள். ரசிகர் சண்டையாவது சிரிப்போடு போகும். அரசியல் சண்டை பிள்ளைகளின் வீடு வரை போய்க் கமிட்டிக்குத் திரும்பி வரும்.

வயதுக்குத் தணிக்கைச் சான்றிதழையே அளவாக வையுங்கள். 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி இப்போது யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் மிகச் சிறியவரின் வயதுதான் எல்லை. ‘நான் காட்டுகிற மூன்று நிமிஷத்தில் ஒன்றும் இல்லையே’ என்று வாதாட வேண்டாம். நீங்கள் காட்டினால் அது ‘சபை சொன்ன படம்’ ஆகிவிடும்; பிள்ளைகள் வீட்டுக்குப் போய் முழுதாகப் பார்ப்பார்கள். 14 முதல் 24 வரை ஒரே அறையில் வைத்திருப்பதும் சரிப்படாது. 17 வரை ஒரு குழு, 18 முதல் இன்னொரு குழு. காட்சியை மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு போடுங்கள். மற்ற வாரங்களில் பாட்டு, வேதபாடம், ஊழியச் சந்திப்பு. முப்பது இருபதாகக் குறையலாம். அந்த இருபது பேர் எதற்கு வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கருவிகளில் அடிக்கடி கெடுவது மூன்று. போனிலிருந்து மிரரிங் செய்தால் ஓ.டி.டி. படங்களில் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்கும். திருட்டு நகலைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள், உங்கள் ப்ரொஜெக்டர் கெட்டுவிடவில்லை. லேப்டாப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். முதல் நாளே அதே கம்பியோடு ஓட்டிப் பாருங்கள். ப்ரொஜெக்டரின் சொந்த ஸ்பீக்கரில் வசனம் பின்வரிசைக்குக் கேட்காது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து மிக்ஸருக்குக் கொடுங்கள். ‘ங்ங்’ என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள், பல சமயம் அதோடு போய்விடும். மாலை ஐந்தரைக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ப்ரொஜெக்டர் வெளுத்துப்போகும். இருபது பேருக்கு 43 அங்குல டி.வி. ஒன்று போதும்.

சட்டம். விமரிசனத்துக்காகச் சிறு பகுதியை எடுத்தாள்வதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. முழுப் படம் வேறு. வீட்டுக்கு எடுத்த ஓ.டி.டி. சந்தா வீட்டார் பார்ப்பதற்குத்தான். முகாமில் எல்லாருக்கும் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். கூட்டத்தை யூடியூப்பில் நேரலை செய்கிறீர்கள் என்றால், காட்சி ஓடும்போது நேரலையை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஒலி வெட்டப்படும் அல்லது வீடியோவே தடுக்கப்படும்.

சினிமா மெட்டில் பாட்டுக் கட்டுவதை நான் சொல்ல மாட்டேன். இசையமைப்பாளரின் உரிமை அவர் இறந்து 60 ஆண்டு வரை நீடிக்கிறது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அது அல்ல. மெட்டு தன் பழைய வரிகளையும் கூடவே இழுத்து வரும். பிள்ளைகள் உதடு ‘இயேசுவே’ என்னும்போது மனதில் நாயகி ஆடிக்கொண்டிருப்பாள். கும்மி, தெம்மாங்கு, ஒயிலாட்ட மெட்டுகள் யாருடைய சொத்தும் அல்ல; பறையோடும் கைத்தட்டலோடும் முகாமில் அவை எழும்புகிற மாதிரி கீபோர்டு எழும்பாது.

கமிட்டிப் பெரியவரிடம் எப்படிப் பேசுவது? ‘பவுலே புலவர்களை மேற்கோள் காட்டினார்’ என்று அப்போஸ்தலர் 17-ஐ எடுத்து மடக்காதீர்கள். பவுல் ‘உங்கள் புலவர்களிலும் சிலர்’ என்று சொன்னது உண்மை. ஆனால் கவிதையோடு நிற்காமல் உயிர்த்தெழுதல் வரை போனார். அங்கேதான் சிலர் பரியாசம் பண்ணினார்கள். நாம் பெரும்பாலும் கவிதையோடு நின்றுவிடுகிறோம், பெரியவரின் பயத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. அவர் கீர்த்தனைகளை நேசிப்பவராக இருந்தால் வேதநாயகம் சாஸ்திரியாரைப் பற்றிப் பேசுங்கள். தஞ்சையில் குறவஞ்சி ஆடப்பட்ட காலத்தில், அந்த வடிவத்தையே எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடியவர் அவர். தலைவி, குறத்தி, குறி சொல்லுதல் எல்லாம் அப்படியே இருக்க, கதையின் பொருளைச் சுவிசேஷம் எடுத்துக்கொண்டது. வடிவத்தை வாங்கிக்கொண்டு பொருளைத் தாமே வைத்துக்கொண்ட அந்தத் துணிவைப் பெரியவரும் மெச்சுவார்.

பேச்சை விடக் காகிதம் உதவும். ஒவ்வொரு காட்சி ஞாயிறுக்கும் முந்தைய புதன்கிழமை ஆயரிடம் ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: படத்தின் பெயர், சான்றிதழ் வகை, எத்தனையாவது நிமிஷத்திலிருந்து எத்தனையாவது வரை, வேதபகுதி, கேட்கப்போகும் கேள்விகள். அந்தப் பெரியவரையே ஒரு மாதம் கூட்டத்தில் உட்கார அழையுங்கள். பேச அல்ல, ஒரு குழுவில் ஆறில் ஒருவராக. இடத்தை ஆலயத்திலிருந்து பாரிஷ் ஹாலுக்கு மாற்றிவிடுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் காட்சியே வேண்டாம். இந்த இரண்டையும் யாரும் கேட்பதற்கு முன் நீங்களே செய்துவிட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

முகாமுக்கு வருவோம். வண்டி ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைத் தாண்டித்தான் மலைக்குப் போகும். டி.ஆர். சுந்தரம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். சினிமா இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்த வியாதி இல்லை என்று அங்கே ஒரு நிமிஷம் நிறுத்திச் சொல்லலாம். மே மாதம் கோடை விழாக் கூட்டம் இருக்கும். காலை ஆறரைக்குள் புறப்பட்டால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நெரிசலில்லாமல் ஏறிவிடலாம். வண்டியில் வாந்தி வருகிறவர்களுக்கு முன் இருக்கை. காலை உணவு மேலே போய்.

இரவு முழுப் படம் வேண்டாம். உரிமைச் சிக்கலை விட்டாலும், பகல் முழுக்க நடந்த பிள்ளைகள் இரண்டரை மணி நேரப் படத்தில் பாதிக்கு மேல் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் பின்வரிசையில் வேறு வேலை பார்ப்பார்கள். அதற்குப் பதில் கூத்து. சேலம், தர்மபுரிப் பக்கம் தெருக்கூத்து இன்னும் ஆடப்படுகிறது. கட்டியங்காரனைப் பல பிள்ளைகள் ஊர்த் திருவிழாவில் பார்த்திருப்பார்கள். ராஜாவையே கேள்வி கேட்டுச் சிரிக்கவைக்கும் உரிமை அவனுக்கு உண்டு.

லூக்கா 15-இன் இரண்டு குமாரர் கதையை நான்கு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்: பிரிந்து போவது, பன்றிகளுக்கு நடுவே, திரும்பி வருவது, மூத்தவன் வாசலில் நிற்பது. தயாரிக்க 40 நிமிஷம், ஆடப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். மைக் வேண்டாம், போன் வேண்டாம், கிடைத்த சால்வையும் வாளியும்தான் வேஷம். ஒவ்வொரு குழுவிலும் ஒரு கட்டியங்காரன்; அவன் கேள்வி மட்டும் கேட்கலாம், பாடம் சொல்லக்கூடாது. முதலிலேயே இரண்டைத் தடுத்துவிடுங்கள்: ஆயரையோ கமிட்டியாரையோ நடித்துக் காட்டுவது, பெண் வேஷத்தையும் சாதியையும் மலைவாழ் மக்களின் பேச்சையும் வைத்துச் சிரிப்புக் காட்டுவது. சொல்லாமல் விட்டால் இரண்டுமே கட்டாயம் வரும்.

நான்காவது குழு மூத்தவனை உள்ளே அனுப்பி, அப்பாவைக் கட்டிப்பிடிக்கவைத்து முடிக்கப் பார்க்கும், சினிமாப் பழக்கம். லூக்கா அதைச் சொல்லவில்லை. தகப்பன் வெளியே வந்து கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே கதை நின்றுவிடுகிறது. அவர்களையும் அங்கேயே நிறுத்துங்கள். கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்து ‘இவன் உள்ளே போவானா?’ என்று கேட்கட்டும். பதிலை அன்றிரவு வாங்காதீர்கள். மறுநாள் காலைத் தியானத்துக்கு அதே பகுதியைக் கொடுத்து, தனியாக 20 நிமிஷம் எழுதச் சொல்லுங்கள்.

படங்கள் எடுப்பார்கள், எடுக்கட்டும். 18 வயதுக்குட்பட்டவர்களின் முகம் தெரியும் எதையும் சபைப் பக்கத்தில் போடுவதற்கு முன் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். முகாம் அனுமதிச் சீட்டிலேயே அதற்கு ஒரு வரி சேர்த்து, இப்போதே அச்சடித்துவிடுங்கள்.